துணைத் தேர்வு, பிங்க் பஸ், ஒரு மாத மாத்திரை

தமிழ்நாட்டில் பிள்ளைகளின் மனநலத்துக்காக எத்தனையோ பேர் மேடை போட்டுத் தன்னம்பிக்கை ஊட்டியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், அவர்கள் எல்லோரையும்விட அதிகம் செய்தது தேர்வுத் துறையின் ஒரு கால அட்டவணைதான். பிளஸ் டூவில் தோற்றவர்கள் ஒன்றிரண்டு மாதத்திலேயே திரும்ப எழுதலாம், தேறினால் அந்த வருஷமே கல்லூரியில் சேரலாம் என்று 2000களின் தொடக்கத்தில் வந்த ஏற்பாட்டைச் சொல்கிறேன். முதலில் உடனடித் தேர்வு என்றார்கள், இப்போது துணைத் தேர்வு என்கிறார்கள்.

அதற்கு முன்னால் இருந்த நிலைமை இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ரிசல்ட் பேப்பரில் எண்களாக வரும். உன் எண் இல்லையென்றால் நீ பெயில். செப்டம்பர், அக்டோபர் வரை காத்திருந்து ‘பிரைவேட்டாக’ எழுத வேண்டும். அதில் தேறினாலும் கல்லூரி திறந்து மாதக்கணக்காகியிருக்கும். ஒரு பாடம் போனால் ஒரு வருஷம் போச்சு. கூடப் படித்தவன் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கல்யாண வீட்டில் பந்திக்குப் பந்தி “இப்ப என்ன பண்றே தம்பி?” என்று கேட்பார்கள். தோல்வியைக்கூடத் தாங்கிக்கொள்வான். அந்த ஒரு வருஷத்தைத்தான் பிள்ளைகளால் தாங்க முடியாது.

இதை முதலில் காதில் வாங்கியவர்களில் சென்னையில் உள்ள ‘ஸ்நேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பினர் முக்கியமானவர்கள். மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கியது. தன்னார்வலர்கள் போனை எடுத்து, பேர் ஊர் விசாரிக்காமல், எதிர்முனையில் இருப்பவர் சொல்வதைக் கேட்பார்கள். ரிசல்ட் நேரத்தில் பிள்ளைகள் கூப்பிட்டு அழுததைக் கேட்டவர்கள் ஆறுதல் சொன்னதோடு போனை வைத்துவிடவில்லை. சீக்கிரமே மறுதேர்வு வையுங்கள் என்று அரசாங்கத்திடம் போய் நின்றார்கள். பிற்பாடு 2017இல் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கிற பழக்கத்தையும் அரசு நிறுத்தியது. முதல் மாணவிக்கு லட்டு ஊட்டுகிற போட்டோவை அடுத்த வீட்டில் தோற்ற பெண் பார்த்தாக வேண்டிய கட்டாயம் போனது. இரண்டிலும் மருந்தும் இல்லை, உபதேசமும் இல்லை. இரண்டும் வெறும் ஏற்பாடுகள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். நான் ஓய்வு பெற்ற தபால்காரன். திருச்சி மாவட்டத்தில் காவிரிக்கரையை ஒட்டிய சிற்றூர்கள்தான் என் பீட். எந்த வீட்டில் யார் ஒடுங்கிப்போய்விட்டார்கள் என்று தபால்காரனுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். ஓ.ஏ.பி. என்கிற முதியோர் உதவித்தொகை மணியார்டரில் வந்த காலத்தில், மாதம் பிறந்தால் வாசலிலேயே காத்திருக்கும் கிழவி ஒரு மாதம் கட்டிலில் கிடந்தபடியே கைநாட்டு வைத்தால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். ரிடையர் ஆன பிறகு நானும், கணக்கு வாத்தியாராக இருந்த ஒருவரும், சத்துணவு அமைப்பாளராக இருந்த ஒரு அம்மாவும் சேர்ந்து இந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டோம். சங்கம், பதிவு எண், லெட்டர்பேட் எதுவும் கிடையாது. மனசு சரியில்லாதவர்களை மனநல டாக்டர் வருகிற கிழமையில் தாலுகா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவோம். மற்ற நாட்களில் மனு எழுதுவோம். அவ்வளவுதான்.

மனநல டாக்டர் தாலுகாவுக்கு வருவதே ஒரு ஏற்பாடுதான். மத்திய அரசின் மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் வந்தது எங்கள் திருச்சிக்கு, 1997இல். அதற்கு முன்பு எங்கள் பக்கத்தில் மனநல வைத்தியம் என்றால் இரண்டே வழி. ஒன்று கீழ்ப்பாக்கம். இன்னொன்று குணசீலம் பெருமாள்.

குணசீலத்தைக் கிண்டல் செய்கிற ஆள் இல்லை நான். 48 நாள் கோயிலில் தங்கவைத்து, பூஜை முடிந்ததும் முகத்தில் தீர்த்தம் அடிப்பார்கள். ஆனால் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் தீயில் கருகிச் செத்தார்களே, அதற்குப் பிறகு நிலைமை மாறியது. குணசீலத்தில் இப்போது மனநல மறுவாழ்வு மையம் இருக்கிறது, டாக்டர் வந்து பார்க்கிறார். தீர்த்தமும் உண்டு, மாத்திரையும் உண்டு. பெருமாள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. சாமி கும்பிடாதே என்று சொன்னால் அந்தக் குடும்பம் மாத்திரையையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடும் என்பது இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

ஒரு மே மாதம், ரிசல்ட் வந்த அன்று மத்தியானம் ஒரு அம்மா போன் பண்ணினார். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். “அண்ணே, பையன் காலையிலேருந்து பச்சைத் தண்ணி வாயில வைக்கலை. மாடியில தண்ணித் தொட்டிகிட்ட உக்காந்திருக்கான். எனக்குப் பயமா இருக்கு.” வாத்தியாரும் நானும் போனோம். வாத்தியார் வழக்கம்போல் எடிசனில் ஆரம்பித்தார். பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எடிசன் எங்கள் ஊரில் யாரையும் காப்பாற்றியதில்லை. பிறகு அவர் சும்மா உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்து, “எதுலடா போச்சு?” என்று கேட்டார். கெமிஸ்ட்ரி. மொத்தம் 39 மார்க், பாஸ் மார்க் 35க்கு மேலேயே. ஆனால் தியரியில் மட்டும் 15 எடுத்தாக வேண்டும். இவன் 12.

“மூணு மார்க்கா?” என்றார் வாத்தியார். கணக்கு வாத்தியார் அல்லவா, எண் கையில் கிடைத்ததும் ஆளே மாறிவிட்டார். அங்கேயே பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு, துணைத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பம், என்ன கட்டணம், தேர்வு எந்தத் தேதி என்று கேட்டார். கீழே இறங்கிப் போய், சுவரில் மாட்டியிருந்த உரக்கடைக் காலண்டரில் ஜூன் மாதத்தைப் புரட்டி வட்டம் போட்டார். பையன் பின்னாலேயே இறங்கி வந்து அந்த வட்டத்தைப் பார்த்தான்.

இதோடு முடிந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. சத்துணவு அம்மா அன்று சாயங்காலம் வந்து அவனைத் தனியே கூப்பிட்டு நேராகவே கேட்டார், “சாகணும்னு தோணுச்சாடா?” அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டது போலாகும் என்று நம் வீடுகளில் பயப்படுவார்கள். அது தவறான பயம் என்பதே மனநலத் துறையில் இருப்பவர்கள் ஒரே குரலில் சொல்வது. கேட்டால் பாரம் இறங்கும். பையன் ரொம்ப நேரம் தரையைப் பார்த்துவிட்டு, “காலையில தோணுச்சு அத்தை, இப்ப இல்லை” என்றான். பையனைப் பெற்ற அம்மா இரவு அவன் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தார். கொல்லைக் கொட்டகையில் சொருகி வைத்திருந்த பூச்சிமருந்து டப்பாவை நான் எடுத்து வந்துவிட்டேன். டாக்டர் வருகிற கிழமையில் அழைத்துப்போய்க் காட்டினோம். ஜூனில் எழுதினான், தேறினான், கலைக் கல்லூரியில் சேர்ந்தான்.

அந்த டப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விவசாய வீட்டில் பூச்சிமருந்து எங்கே இருக்கும்? கட்டிலுக்கு அடியில், எரவானத்தில், சில சமயம் அடுப்படிப் பரணில். ஒரு கோபத்தில், ஒரு அவமானத்தில், பத்து நிமிஷ வேகத்தில் கை எட்டுகிற தூரத்தில். அந்த வேகம் தணிகிற வரை மருந்து கைக்கு எட்டாமல் இருந்தால் நிறையப் பேர் பிழைத்துக்கொள்வார்கள். இதை யோசித்துத்தான் ஸ்நேகாக்காரர்கள் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் பொதுவான ஒரு கட்டடம் வைத்து, வீட்டுக்கு ஒரு பூட்டுப் பெட்டி கொடுத்து, மருந்தை அங்கே வைக்கச் சொன்னார்கள். விவசாயிகள் ஒத்துக்கொண்டார்கள், சாவுகளும் குறைந்ததாகப் பதிவு செய்திருக்கிறார்கள். சில ஊர்களில் மட்டும் நடந்ததை வைத்து முடிவு கட்ட முடியாது என்பது வேறு விஷயம். ஆனால் இலங்கை ஒரு நாடாகவே இதைச் செய்து காட்டியிருக்கிறது. 1990களில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். 1995இல் உலகிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்றாக இருந்த அவர்களுடைய தற்கொலை விகிதம் அடுத்த 20 வருஷத்தில் பாதிக்கும் கீழே இறங்கியது. விளைச்சலும் விழுந்துவிடவில்லை.

நம் பக்கம் என்ன கதை? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் நாடு முழுவதும் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அதில் மாணவர்கள் 13,044 பேர். மாநில வரிசையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம். இதைக் கேட்டதும் “இந்தக் காலத்துப் பசங்களுக்கு மனவலிமை இல்லை” என்று ஆரம்பிப்பவர்களோடு நான் வாதாடுவதை விட்டுவிட்டேன்.

பெரியவர்கள் பக்கம் வருவோம். இளைஞனாவது இப்போது வாயைத் திறந்து “டிப்ரஷன்ல இருக்கேன்” என்று சொல்கிறான். வயசானவர்களுக்கு அப்படி ஒரு சொல்லே கைவசம் இல்லை. அவர்கள் உடம்பைத்தான் சொல்வார்கள். கை கால் குடைச்சல், நெஞ்சுப் படபடப்பு, வயிற்றில் எரிச்சல், நாக்குக்கு ருசியில்லை.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு ஆத்தா. வீட்டுக்காரர் இறந்த பிறகு அவர் ஆஸ்பத்திரிக்குப் போகாத வாரம் கிடையாது. ஒரு மஞ்சப்பை நிறைய மாத்திரை அட்டைகள். ஊசி போட்டுவிட்டு அனுப்புவார்கள், மறுவாரம் திரும்பப் போவார். போதாக்குறைக்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டே இல்லாமல் வாங்கிய தூக்க மாத்திரை, அதுவும் வருஷக்கணக்கில். அதைப் போட்டுக்கொண்டு ராத்திரி எழுந்து நடந்து விழுந்து நெற்றியில் தையல் வேறு. மனநல டாக்டரிடம் காட்டலாம் என்றதும் மருமகள் குதித்தாள். “எங்க மாமியாருக்குப் பைத்தியம்னு ஊரெல்லாம் சொல்லுவாங்க. நாளைக்கு என் பொண்ணைக் கட்டிக் கொடுக்க வேண்டாமா?” அவளைக் குறை சொல்ல மாட்டேன். பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது ஊர் அப்படித்தான் விசாரிக்கிறது.

ஒரு வழியாக அழைத்துப்போனோம். டாக்டர் சின்னப் பெண். மஞ்சப்பையைப் பிரித்து ஒவ்வொரு அட்டையாகப் பார்த்தார். இன்றைக்கு என்ன கிழமை, இது என்ன மாதம், பேரன் பேர் என்ன என்று விசாரித்தார். தைராய்டுக்கு ரத்தப் பரிசோதனை எழுதினார். பிறகு கேட்டார், “விடியக்காலையில எத்தனை மணிக்கு முழிப்பு வருது ஆத்தா?”

“மூணு மணிக்கு வந்துரும். முழிச்சுக்கிட்டே கெடப்பேன். ஏன்தான் விடியுதோன்னு இருக்கும்.”

மருமகள் ஆத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். ஒரே வீட்டில் இருந்தும் இதை அவள் கேட்டதில்லை, இவர் சொன்னதில்லை. டாக்டர் மனச்சோர்வு என்றார், மருமகளுக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும், நடுவில் நிறுத்தக் கூடாது, தூக்க மாத்திரையை ஒரேயடியாக விடாமல் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்றார். இரண்டு மாதத்தில் ஆத்தா வாசல் தெளிக்க ஆரம்பித்தார். மருமகளோடு சண்டையும் போட ஆரம்பித்தார். அது நல்ல அறிகுறி என்று சத்துணவு அம்மா சொன்னார்.

ஆத்தாவைத் தொடர்ந்து அழைத்துப்போக முடிந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை எந்த மனநலக் கூட்டத்திலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பிங்க் பஸ். 2021இல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று வந்தது அல்லவா, அதற்குப் பிறகுதான் ஓ.பி.யில் வயசான பெண்கள் கூட்டம் கூடியதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். கையில் வருகிற ஓ.ஏ.பி. பணத்தில், மாதம் இரண்டு முறை துணைக்கு ஒரு ஆளோடு டிக்கெட் எடுத்துப் போய்வருவது சின்னச் செலவில்லை. மகனிடம் கேட்டால் “எதுக்கு, சும்மா இரு” என்பான். இப்போது கேட்க வேண்டியதில்லை, ஏறி உட்கார்ந்துவிடலாம். தாத்தாக்களுக்கு இது கிடையாது. அவர்கள் குறைவாகத்தான் வருகிறார்கள். வராத தாத்தாக்களில் பலர் டாஸ்மாக்கில் இருக்கிறார்கள் என்பதும் உண்மைதான்.

பஸ்ஸே டாக்டரைக் கொண்டுவந்த கதையும் உண்டு. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ அமைப்பு, எங்களுக்குப் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் ஒரு பஸ்ஸுக்குள் ஆலோசனை அறையும் மருந்தகமும் வைத்துக் கிராமம் கிராமமாக ஓட்டியது. டாக்டர் சென்னையில் திரையில் இருப்பார், நோயாளி இங்கே பஸ்ஸில் இருப்பார், மருந்து கையோடு கிடைக்கும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு டவுனுக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை.

வெளிநாட்டு ஏற்பாடு ஒன்றைப் பற்றியும் எங்களுக்குள் விவாதம் வந்தது. ஜிம்பாப்வே நாட்டில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், கிளினிக் வாசலில் ஒரு பெஞ்சைப் போட்டு, அந்தப் பகுதிப் பாட்டிமாருக்கே பயிற்சி கொடுத்து, மனசு சரியில்லாமல் வருகிறவர்களோடு உட்கார்ந்து பேச வைத்தார். 2016இல் வெளியான ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது. பேசுகிற பாட்டிக்கும் அது மரியாதையான வேலை. வாத்தியாருக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது, இங்கேயும் போடலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் ஒரு பெண் தெருப் பாட்டியிடம் மத்தியானம் மனசைத் திறந்தால், சாயங்காலத்துக்குள் குழாயடியில் அது அலசப்பட்டுவிடும். எந்தச் சாதிப் பாட்டி எந்தச் சாதிப் பெண்ணோடு பெஞ்சில் உட்காருவார் என்பது அடுத்த கேள்வி. எங்களுக்குப் பேர் கேட்காத போன்தான் தோது.

அந்தப் போன்கள் இவை. மனசு சம்பந்தமான எதற்கும் 14416, இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். மத்திய அரசு 2022இல் கொண்டுவந்த டெலி மானஸ் சேவைக்கு இங்கே ‘நட்புடன் உங்களோடு’ என்று பேர். ஸ்நேகா 044-24640050. முதியோருக்குத் தனியாக 14567. இவை நாம் கூப்பிட்டால் எடுப்பவை. 2021இல் நீட் எழுதிய பிள்ளைகளை 104 என்கிற அரசு மருத்துவ உதவி எண்ணின் ஆலோசகர்கள் தாங்களே கூப்பிட்டுப் பேசினார்கள். அது இன்னும் நல்ல முறை. மனசு உடைந்தவன் எண்ணைத் தேடி அழுத்துவான் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான்.

சட்டத்தைப் பற்றி ஒரு விஷயம் மட்டும். தற்கொலைக்கு முயன்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸாகிவிடும் என்று பயந்து, வீட்டிலேயே கைவைத்தியம் பார்த்து உயிரை விட்டவர்களை எனக்குத் தெரியும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, அவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2018 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இந்தச் செய்தி இன்னும் எங்கள் ஊர் ஆம்புலன்ஸ் வரைக்கும்கூடச் சரியாக வந்து சேரவில்லை. அக்டோபர் 2 கிராம சபையில் சத்துணவு அம்மா இதை வாசித்தபோது, பெரிய மனுஷர் ஒருவர் “இதையெல்லாம் சபையில பேசணுமா?” என்றார். “வேற எங்கே பேசறது?” என்றார் அவர். தீர்மானப் புத்தகத்தில் ஏறியது.

இப்போது நாங்கள் கேட்பது இரண்டு. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாக வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிற பெண்கள் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். ஆத்தா வீட்டுக்கும் வருகிறார்கள். கையில் பட்டையைச் சுற்றிவிட்டுக் காத்திருக்கிற அந்த ஒரு நிமிஷத்தில் இரண்டு கேள்வி கேட்டால் போதும். “ரெண்டு வாரமா எதுலயும் நாட்டமில்லாம இருக்கா? மனசு விட்டுப்போன மாதிரி இருக்கா?” மருத்துவ உலகில் உள்ள கேள்விகள்தான், நாங்கள் கண்டுபிடித்தவை அல்ல. ஆம் என்றால் டாக்டர் வருகிற கிழமையைச் சொல்லி அனுப்பலாம். பத்தாவது படித்த பெண்ணால் தாராளமாகச் செய்ய முடியும். 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, சிகிச்சை தேவைப்படுகிறவர்களில் 10க்கு 7 பேருக்கும் மேல் அதைப் பெறாமலே இருக்கிறார்கள். அவர்கள் யாரும் ஓ.பி. வாசலுக்கு வந்து நிற்கப்போவதில்லை.

இன்னொன்று மாத்திரை. எங்கள் ஆஸ்பத்திரியில் 15 நாளைக்குத்தான் தருகிறார்கள், சில சமயம் ஸ்டாக் இல்லை என்று 7 நாளைக்கு. வயசானவர் மாதத்தில் இரண்டு மூன்று முறை வர வேண்டியிருக்கிறது. துணைக்கு வருகிறவருக்குக் கூலி போகிறது, மூன்றாவது மாதம் நின்றுவிடுகிறார்கள். சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும்போது, மனச்சோர்வு மாத்திரையை ஒரு மாதத்துக்குச் சேர்த்துத் தருவதில் என்ன கஷ்டம் என்று எங்களுக்குப் புரியவில்லை. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸில் வரிசையில் நின்று கொடுத்தோம். முதல் மனுவில் இரண்டு கோரிக்கை எழுதியிருந்தோம். ‘மெண்டல் ஓ.பி.’ என்று சுவரில் சாக்கட்டியால் எழுதியிருந்ததை அழிக்க வேண்டும் என்பது ஒன்று, மாத்திரை மற்றொன்று. சாக்கட்டி எழுத்து ஒரே வாரத்தில் போய்விட்டது, ‘மனநலப் பிரிவு’ என்று நீல போர்டு மாட்டிவிட்டார்கள். மாத்திரைக்கு இரண்டாவது மனுவும் கொடுத்தாயிற்று. மருந்துக் கிடங்குக்கு அனுப்பியிருப்பதாக எஸ்.எம்.எஸ். வந்திருக்கிறது. வாத்தியார் அடுத்த திங்கட்கிழமைக்கு நோயாளிகள் பட்டியலை, பேர் போடாமல் வெறும் எண்ணிக்கையாக, பஸ் செலவோடு கணக்குப் போட்டு எடுத்துக்கொண்டிருக்கிறார்.